ரொட்ரிகோ அமாடோவைக் கேட்கத் தொடங்குவோருக்கு: எந்தத் தட்டு முதலில், எது கடைசியில்

போர்த்துகல் நாட்டு டெனர் சாக்ஸபோன் கலைஞர் ரொட்ரிகோ அமாடோவின் பெயரை எங்கோ படித்துவிட்டு, அகப்பட்ட பதிவு ஒன்றை அலைபேசியில் ஓடவிட்டு, மூன்றாவது நிமிடத்தில் நிறுத்தியவன் நான். மெட்டு வரும், தாளம் பிடிபடும் என்று காத்திருந்தேன், இரண்டும் வரவில்லை. பிழை இசையில் இல்லை, நான் நுழைந்த வாசலில் இருந்தது என்பது பின்னால்தான் புரிந்தது. அவர் யாருடைய துணையும் இல்லாமல் தனியாக வாசித்த தட்டை முதலில் எடுத்திருந்தேன். அதையும் அலைபேசியின் சிறு ஒலிபெருக்கியில் கேட்டிருந்தேன். இந்தக் கட்டுரை அந்த இரண்டு தவறுகளையும் தவிர்த்து, அவருடைய பதிவுகளுக்குள் எந்த வரிசையில் நுழைவது என்பதைப் படிப்படியாகச் சொல்ல முயல்கிறது. ஜாஸில் முன்பழக்கம் இல்லாதவரும் இதைப் பின்பற்றலாம். பொறுமை மட்டும் சற்று வேண்டும்.

முதற்படி: ஆளை அறிந்துகொள்ளுங்கள், ஆனால் அதிலேயே தங்கிவிடாதீர்கள்

அமாடோ 1964-ஆம் ஆண்டு லிஸ்பனில் பிறந்தவர். பதினேழாவது வயதில் சாக்ஸபோனைக் கையிலெடுத்தார். 1948-இல் லூயிஸ் வில்லாஸ் போவாஸ் தொடங்கிய, ஐரோப்பாவின் பழைய ஜாஸ் மன்றங்களில் ஒன்றான ஹாட் கிளப் தெ போர்த்துகலின் இசைப்பள்ளியில் சிறிது காலம் படித்துவிட்டு, மீதியைத் தனி ஆசிரியர்களிடமும் மேடையிலும் கற்றுக்கொண்டார். அவர் ஒளிப்படக் கலைஞரும்கூட. அவருடைய தட்டுகள் பலவற்றின் உறையில் காணப்படும் படங்கள் அவரே எடுத்தவை.

அவர் சிறுவனாக இருந்தபோது போர்த்துகலில் சர்வாதிகார ஆட்சி நடந்துகொண்டிருந்தது. 1971 நவம்பரில் லிஸ்பனை அடுத்த கஷ்காய்ஷ் நகரில் நடந்த ஜாஸ் விழாவில், அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மன் குழுவின் பாஸ் கலைஞர் சார்லி ஹேடன், தம் பாடல் ஒன்றை அங்கோலா, மொசாம்பிக், கினி ஆகிய போர்த்துகீசியக் காலனிகளின் விடுதலை இயக்கங்களுக்கு மேடையிலேயே அர்ப்பணித்தார். அதற்காக அவர் கைது செய்யப்பட்டார். 1974 ஏப்ரல் 25-ஆம் நாள் அந்த ஆட்சி கவிழ்ந்தது. அமாடோவின் தட்டுகளுக்கு ‘டிசயர் அண்ட் ஃப்ரீடம்’, ‘த ஃப்ரீடம் பிரின்சிபிள்’, ‘லெட் த ஃப்ரீ பி மென்’ என்று விடுதலையைச் சொல்லும் பெயர்கள் அடுத்தடுத்து வருவதைப் பார்க்கும்போது இந்தப் பின்னணி எனக்கு நினைவுக்கு வருவதுண்டு. முன்கூட்டி வகுத்த மெட்டுக்கும் தாளத்துக்கும் கட்டுப்படாத அவருடைய இசைவகையை ‘ஃப்ரீ ஜாஸ்’ என்பார்கள். அவருடைய ஊரில் அந்தச் சொல்லின் முதற்பாதிக்கு ஒரு காலத்தில் சிறைவாசம் என்ற விலை இருந்தது.

2001-இல் பெத்ரோ கோஷ்டா, கார்லோஸ் கோஷ்டா சகோதரர்களுடன் சேர்ந்து கிளீன் ஃபீட் என்னும் இசை வெளியீட்டு நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் அமாடோவும் ஒருவர். இன்று ஜாஸ் உலகில் அந்த நிறுவனத்தை அறியாதவர் குறைவு. சில ஆண்டுகளில் அவர் அதிலிருந்து விலகி, யூரோப்பியன் எக்கோஸ் என்ற சிறு நிறுவனத்தைத் தமக்கென அமைத்துக்கொண்டார். வாழ்க்கைக் குறிப்பாக இப்போதைக்கு இவ்வளவு போதும்.

இரண்டாம் படி: காதையும் கருவியையும் தயார்செய்யுங்கள்

அலைபேசியின் ஒலிபெருக்கியில் கேட்காதீர்கள் என்பதை அறிவுரையாக அல்ல, கணக்காகச் சொல்கிறேன். வயலின் குடும்பத்துப் பெரிய கருவிகளில், செல்லோவின் மிகத் தாழ்ந்த தந்தி ஏறத்தாழ 65 ஹெர்ட்ஸிலும், டபுள் பாஸின் மிகத் தாழ்ந்த தந்தி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸிலும் ஒலிக்கின்றன. அலைபேசியின் விரலளவு ஒலிபெருக்கி அந்த ஆழத்துக்கு இறங்காது. நான் முதலில் கேட்ட மூவர் குழுப் பதிவில் சாக்ஸபோனும் சிம்பலும் மட்டுமே காதில் விழுந்தன. செல்லோ என்று ஒன்று இருப்பதே உறையைப் படித்த பிறகுதான் தெரிந்தது. மூன்று பேர் உரையாடும்போது ஒருவரின் குரலை அடைத்துவிட்டால், மற்ற இருவர் பேசுவது பிதற்றலாகத்தான் கேட்கும். விலை குறைந்ததானாலும் நல்லதொரு ஹெட்போன் போதும்.

அடுத்தது நேரம். பேருந்தில், சமையல் செய்துகொண்டே, கணினியில் வேலை பார்த்துக்கொண்டே கேட்பதற்கு இது ஏற்றதல்ல. ஒரு நாளைக்கு ஒரே ஒரு பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். அது பத்து நிமிடமாக இருந்தாலும் சரி, நாற்பது நிமிடமாக இருந்தாலும் சரி.

மூன்றாம் படி: கருவியின் குரலை அடையாளம் காணுங்கள்

சாக்ஸபோன் பித்தளையால் ஆனதென்றாலும், ஒலி பிறப்பது வாயில் வைக்கும் முனையில் கட்டப்பட்ட நாணற்பட்டையில்தான். நாகசுரத்தின் சீவாளியை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அங்கே இரட்டைப் பட்டை, இங்கே ஒற்றை. அமாடோ தொடக்க காலத்தில் ஆல்ட்டோ, பாரிட்டோன் வகைகளையும் வாசித்தார். ஆனால் அவருடைய குரல் என்று இன்று அறியப்படுவது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட டெனர். மனிதக் குரலோடு ஒப்பிட்டால், தொண்டை சற்றுக் கரகரத்த நடுவயது ஆணின் குரல் எனலாம்.

அந்தக் குரலில் மூன்று செய்கைகளைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, காற்றோசை கலந்து மெல்லத் தொடங்கும் தாழ்சுரம். அதில் இசையைவிட மூச்சு அதிகம். இரண்டாவது, வாசித்துக்கொண்டே தொண்டையாலும் ஒலியெழுப்பிச் சுரத்தை உறுமச் செய்வது. மூன்றாவது, ஒரே சுரத்தை அழுத்திப் பிடித்து, அதன் மேலிருக்கும் உபசுரங்கள் தனித்தனியே பிளந்து கேட்கும்படி செய்வது. புதியவர்கள் ‘கீச்சிடுகிறது’ என்று முகம் சுளிப்பது இந்த மூன்றாவதைக் கேட்டுத்தான். அது கைதவறி வந்த ஒலி அல்ல. உதட்டின் அழுத்தத்தையும் தொண்டையின் வடிவையும் மாற்றி வேண்டுமென்றே வருவிக்கப்படுவது. இரண்டு மூன்று முறை கேட்டால், அது வருவதற்கு முன்பே அதன் வரவு தெரியத் தொடங்கும்.

நான்காம் படி: மூவரிடமிருந்து தொடங்குங்கள்

இனிச் சொல்வதே இந்த வழிகாட்டியின் மையம், இங்கே அவசரப்படாதீர்கள். அமாடோவின் இசைவாழ்வை ஆண்டு வரிசையில் பின்தொடர்வதைவிட, கூட்டணி வரிசையில் பின்தொடர்வது நல்லது. அவர் பெரும்பாலும் முன்கூட்டி எழுதிய மெட்டுகளோடு மேடையேறுபவர் அல்லர். யாரோடு நிற்கிறாரோ, அவர்களோடு அந்த நேரத்தில் உருவாவதே இசை. நம்மிடம் மனோதர்மம் என்ற சொல் இருக்கிறது. ஆனால் நம் கச்சேரியில் மனோதர்மத்துக்குக் கீழே ராகமும் தாளமும் தரையாக விரிக்கப்பட்டிருக்கும். இங்கே அந்தத் தரையையும் சேர்த்தே அவர்கள் அந்தக் கணத்தில் நெய்கிறார்கள். எனவே உடன் வாசிப்பவர் மாறினால் இசையின் இலக்கணமே மாறிவிடுகிறது.

தொடங்குவதற்கு மிக ஏற்றது மோஷன் டிரியோ. அமாடோவுடன் செல்லோவில் மிகேல் மீரா, டிரம்ஸில் கேப்ரியல் ஃபெராந்தினி. இந்தக் குழுவின் பெயரையே தாங்கிய முதல் தட்டு 2009-இல் யூரோப்பியன் எக்கோஸில் வெளியானது. மூவர் மட்டுமே என்பதால் எண்ணிக் கேட்க முடியும். மீரா செல்லோவை வில்லால் இழைப்பதைவிட, விரலால் சுண்டி வாசிப்பதே அதிகம். ஆகவே அது சில இடங்களில் சிறிய டபுள் பாஸ் போலவும், சில இடங்களில் கிட்டார் போலவும் ஒலிக்கும். ஃபெராந்தினி சீரான அடி எண்ணிக்கை கொடுப்பதில்லை. அலை எழுந்து விழுவதுபோல் அடர்த்தியைக் கூட்டுவதும் குறைப்பதுமே அவருடைய காலக்கணக்கு.

எந்தப் பகுதியை எடுத்தாலும் அதை நான்கு முறை கேளுங்கள். முதல் முறை செல்லோவை மட்டும் பின்தொடருங்கள். சாக்ஸபோன் எவ்வளவு உரக்க அழைத்தாலும் காதைத் திருப்பாதீர்கள்; இது சொல்வதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். இரண்டாம் முறை டிரம்ஸை மட்டும். அப்போது ஒன்று புலப்படும்: சிம்பல்களும் தோற்பரப்பும் உலோக விளிம்பும் ஒரே மனிதரின் இரு கைகளில் மூன்று வெவ்வேறு வேகங்களில் ஓடிக்கொண்டிருக்கும், அவை ஒன்றுசேரும் இடங்களில்தான் மற்ற இருவரும் மூச்செடுப்பார்கள். மூன்றாம் முறை சாக்ஸபோனைக் கேளுங்கள். அமாடோ மூன்று நான்கு சுரங்களால் ஆன சிறு துண்டு ஒன்றை வாசித்து, அதைத் திரும்பச் சொல்லி, கடைசிச் சுரத்தை மாற்றி, பின்பு நடுவில் ஒரு சுரத்தைச் செருகி, அடுத்து அதையே தலைகீழாக்கி வளர்த்துக்கொண்டு போவதைக் காண்பீர்கள். சானி ரோலின்ஸ் என்னும் அமெரிக்க டெனர் மேதையைக் கேட்டவர்களுக்கு இந்த வழக்கம் புதிதல்ல. குழப்பம் என்று நாம் நினைத்த இடத்தில் கட்டுமானம் நடந்துகொண்டிருப்பது இந்த மூன்றாம் முறையில்தான் தெரியவரும். நான்காம் முறை எதையும் பின்தொடராமல் கேளுங்கள். நான் ஒரு வாரத்தில் ஒரே ஒரு பகுதியை இப்படிக் கேட்டேன். அதன்பின் மெட்டுக்காகக் காத்திருக்கும் பழக்கம் தானாகவே விட்டுப்போனது.

இந்தக் குழுவின் 2016-ஆம் ஆண்டுத் தட்டான ‘டிசயர் அண்ட் ஃப்ரீடம்’, விருந்தினர் எவருமின்றி மூவரும் மட்டும் வாசித்தது. முதல் தட்டுக்குப் பிறகு நேராக இதற்குத் தாவுங்கள். ஏழு ஆண்டு இடைவெளியில் மூவரும் ஒருவருக்கொருவர் எவ்வளவு இடம் விடக் கற்றிருக்கிறார்கள் என்பது தெரியும்.

ஐந்தாம் படி: அதே வீட்டுக்கு விருந்தினர் வரும்போது

மோஷன் டிரியோ அவ்வப்போது நான்காமவர் ஒருவரை அழைத்துக்கொண்டது. புதியவருக்கு இது ஒரு நல்வாய்ப்பு. பழகிய மூன்று குரல்களுக்கு நடுவே புதிய குரல் ஒன்று எதை மாற்றுகிறது என்பதைத் துல்லியமாகக் கேட்கலாம். சிகாகோவின் டிராம்போன் கலைஞர் ஜெப் பிஷப்புடன் செய்த ‘த ஃபிளேம் ஆல்ஃபபெட்’ 2013-இல் போலந்தின் நாட் டூ நிறுவனத்திலிருந்தும், டிரம்பெட் கலைஞர் பீட்டர் எவன்ஸுடன் செய்த ‘த ஃப்ரீடம் பிரின்சிபிள்’ 2014-இல் லித்துவேனியாவின் நோபிசினஸ் நிறுவனத்திலிருந்தும் வெளிவந்தன. பிஷப்புடன் வாசிக்கும்போது இரண்டு தாழ்ந்த குரல்கள் தோளோடு தோள் உரசிக்கொள்கின்றன. எவன்ஸோ மின்னல் வேகக்காரர். அவருக்கு முன்னால் அமாடோ தம் வாக்கியங்களைச் சுருக்கிக்கொள்கிறார். என் தேர்வு பிஷப்தான். எவன்ஸின் திறமை எனக்குச் சில இடங்களில் திகட்டுகிறது.

‘த ஃபீல்ட்’ என்ற தட்டில் நான்காமவராக வருபவர் 1938-இல் பிறந்த ஜெர்மானியப் பியானோ கலைஞர் அலெக்சாண்டர் ஃபொன் ஷ்லிப்பென்பாக். 1966-இல் குளோப் யூனிட்டி என்னும் பெருங்குழுவை அமைத்து ஐரோப்பிய ஃப்ரீ ஜாஸுக்கு வழிவகுத்தவர்களில் ஒருவர். 2019-இல் வில்னியஸ் ஜாஸ் விழா மேடையில் பதிவாகி 2021-இல் வெளியான இந்தத் தட்டை இப்போதே கேட்கவேண்டாம்; கட்டுரையின் அடுத்த படிகளை முடித்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.

ஆறாம் படி: ஜோ மெக்ஃபீயுடன் அமைந்த நால்வர் குழு

அமாடோவின் பதிவுகளில் ஒன்றே ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது கட்டாயப்படுத்தினால், தயங்காமல் ‘திஸ் இஸ் அவர் லாங்குவேஜ்’ என்பேன். 1939-இல் பிறந்த அமெரிக்கரான ஜோ மெக்ஃபீ பாக்கெட் டிரம்பெட்டும் சாக்ஸபோனும் வாசிப்பவர்; கென்ட் கெஸ்லர் சிகாகோவின் பாஸ் கலைஞர்; டிரம்ஸில் கிறிஸ் கோர்சானோ. 1960-இல் ஆர்னெட் கோல்மன் பதிவு செய்த ‘திஸ் இஸ் அவர் மியூசிக்’ என்ற புகழ்பெற்ற தட்டின் பெயருக்கு வணக்கம் சொல்வதுபோல் அமைந்திருக்கிறது தலைப்பு. ‘இசை’ இருந்த இடத்தில் ‘மொழி’.

இந்தக் குழுவில் அமாடோவுக்கும் மெக்ஃபீக்கும் இடையே கால் நூற்றாண்டு வயது வித்தியாசம் உண்டு. இளையவர் முந்துவதில்லை, மூத்தவர் அடக்குவதும் இல்லை. மெக்ஃபீ டிரம்பெட்டை எடுக்கும்போது இரண்டு குரல்களும் தெளிவாக விலகி நிற்கும். அவர் சாக்ஸபோனுக்கு மாறும்போது எது யாருடையது என்று பிரித்தறிவதே பயிற்சியாகிவிடும். தடுமாறினால், முன்னர் சொன்ன மூன்று சுரத் துண்டை வைத்து வளர்ப்பவர் அமாடோ என்று பிடித்துக்கொள்ளுங்கள். மெக்ஃபீ நீட்டிப் பாடுபவர். சில சமயம் கருவிக்குள்ளேயே குரல்கொடுத்துவிடுவார்.

இந்த நால்வரின் பதிவுகளை வாங்கும்போது ஆண்டுக் குழப்பம் ஒன்று நேரும். ‘திஸ் இஸ் அவர் லாங்குவேஜ்’ 2012-இல் பதிவாகி 2015-இல் நாட் டூ வழியாக வெளியானது. வியன்னாவின் ட்ரோஸ்ட் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட ‘எ ஹிஸ்டரி ஆஃப் நத்திங்’ லிஸ்பனில் 2017-இல் பதிவானது. அதே நிறுவனம் 2021-இல் வெளியிட்ட ‘லெட் த ஃப்ரீ பி மென்’ மூன்றாவது தட்டு என்பதால் பிந்தையது என்று எண்ணத் தோன்றும். அதுவும் 2017-இல், கோபன்ஹேகன் மேடையில் பதிவானதுதான். ஆகவே கடைசி இரண்டையும் ஒரே வாரத்தில் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஒரே நால்வர், ஒரே ஆண்டு. ஒன்று ஒலிப்பதிவுக்கூடத்தின் அமைதியில், மற்றொன்று ஆட்கள் நிறைந்த அரங்கில். கூடத்தில் இடைவெளி விட்டு நிதானித்தவர்கள், அரங்கில் அந்த இடைவெளியை எவ்வளவு விரைவில் நிரப்பிவிடுகிறார்கள் என்று பாருங்கள். உறையில் பதிவான ஆண்டையும் வெளியான ஆண்டையும் தனித்தனியே படிக்கும் பழக்கம் அமாடோவின் எல்லாத் தட்டுகளுக்கும் உதவும்.

ஏழாம் படி: ஒரு பழைய மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு

இதுவரை மெட்டே இல்லாத இசையைக் கேட்டுக் களைத்தவர்களுக்கு ஒரு சலுகை. ஆல்பர்ட் ஐலர் என்ற அமெரிக்க டெனர் கலைஞர் 1964 ஜூலையில், அமாடோ பிறந்த அதே ஆண்டில், பாஸ் கலைஞர் கேரி பீக்காக், டிரம்ஸ் கலைஞர் சன்னி மர்ரி ஆகியோருடன் ‘கோஸ்ட்ஸ்’ என்னும் மெட்டைப் பதிவு செய்தார். குழந்தைப் பாட்டு போன்ற எளிய மெட்டு. ஒருமுறை கேட்டால் முணுமுணுக்கலாம். அதை முதலில் நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள். பிறகு த பிரிட்ஜ் என்ற நால்வர் குழுவுடன் அமாடோ வாசித்து 2023-இல் ட்ரோஸ்டில் வெளியான ‘பியாண்ட் த மார்ஜின்ஸ்’ தட்டை எடுங்கள். பியானோவில் மீண்டும் ஷ்லிப்பென்பாக், பாஸில் நார்வேயின் இங்கபிரிக்ட் ஹோக்கர் ஃபிளாட்டன், டிரம்ஸில் ஜெர்ரி ஹெமிங்வே. 2022 அக்டோபரில் வார்சாவில் பதிவானது.

இந்தத் தட்டில் ஐலரின் மெட்டைத் தொட்டுச் செல்லும் பகுதி கடைசியில் இருக்கிறது, அதிலிருந்து தொடங்குங்கள். கையில் தெரிந்த மெட்டு ஒன்று இருப்பதால், நால்வரும் அதிலிருந்து எப்போது விலகுகிறார்கள், எப்போது அதன் நிழலில் நிற்கிறார்கள் என்பதை அளக்க முடியும். அதன்பின் ஏறக்குறைய 40 நிமிடம் ஓடும் தலைப்புப் பகுதிக்குப் போங்கள். மோஷன் டிரியோவில் பியானோவுடன் நிற்கும் ‘த ஃபீல்ட்’ தட்டை ஒதுக்கி வைத்தோமே, அதை எடுக்கவேண்டிய நேரமும் இதுதான்.

எட்டாம் படி: கிளைகள்

மீதமுள்ளவற்றை ரசனைக்கேற்பத் தேர்ந்துகொள்ளலாம். ராக் இசையின் முறுக்கு பிடிக்கும் என்றால், கிட்டார் கலைஞர் லூயிஸ் லோபெஸ் தலைமையிலான ஹியூமனைசேஷன் குவார்ட்டெட்டைத் தேடுங்கள். பாஸும் டிரம்ஸும் வாசிக்கும் ஆரன், ஸ்டெஃபான் கொன்சாலஸ் சகோதரர்கள், டாலஸ் நகரின் டிரம்பெட் கலைஞர் டென்னிஸ் கொன்சாலஸின் மகன்கள். இறுக்கமும் நிதானமும் பிடிக்கும் என்றால், பாஸ் கலைஞர் கொன்சாலோ அல்மெய்டாவுடன் அமைத்த த ஆட்டிக். அதன் ‘சம்மர் பம்மர்’, ‘லவ் கோஸ்ட்ஸ்’ இரண்டும் நோபிசினஸ் வெளியீடுகள். ஆரம்பத்தை அறிய விரும்பினால் லிஸ்பன் இம்ப்ரவைசேஷன் பிளேயர்ஸ் பெயரில் கிளீன் ஃபீட் வெளியிட்டவையும், பாஸ் கலைஞர் கெஸ்லர், டிரம்ஸ் கலைஞர் பால் நில்சன் லவ் ஆகியோருடன் வாசித்து 2006-இல் வந்த ‘தியாட்ரோ’வும்.

தேடும்போது ஒரு எச்சரிக்கை. ஆள் பெயரை மட்டும் தட்டினால் பாதிதான் அகப்படும். மேலே சொன்னதுபோல் குழுப் பெயரையும் நிறுவனப் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். நாட் டூ, நோபிசினஸ், ட்ரோஸ்ட் போன்றவை சிறிய நிறுவனங்கள். அவை அச்சிடும் பிரதிகள் குறைவு. பேண்ட்கேம்ப் என்னும் இசை விற்பனைத் தளத்தில் பெரும்பாலானவற்றை முழுதாகக் கேட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கலாம். ஆகஸ்டு மாதத்தில் லிஸ்பன் செல்லும் வாய்ப்பு அமைந்தால், கல்பென்கியன் அறக்கட்டளை 1984 முதல் நடத்திவரும் ஜாஸ் எம் அகோஷ்டோ விழாவின் நிகழ்ச்சி நிரலை ஒருமுறை பார்த்துவிடுங்கள். போர்த்துகீசியர்கள் அவருடைய முழுப்பெயரைச் சொல்லும்போது அமாடோவின் கடைசி எழுத்து ‘டு’ என்றும், ரொட்ரிகோவின் முதல் எழுத்து தொண்டையிலிருந்து வரும் ‘ஹ’ போலவும் ஒலிக்கும். அரங்கில் அறிவிப்பைக் கேட்டு வேறு யாரோ என்று எண்ணிவிட வேண்டாம்.

கடைசிப் படி: தனியாக

‘ரிஃப்ராக்ஷன் சோலோ’ 2022-இல் ட்ரோஸ்டில் வெளியானது; தேவாலயம் ஒன்றில் அமாடோ தனியாக நின்று வாசித்ததன் பதிவு. நான் மூன்றாவது நிமிடத்தில் நிறுத்திய தட்டு இதுதான். துணைக்கு யாரும் இல்லாததால் சுவர்களே துணையாகின்றன. ஒரு சுரத்தை வாசித்துவிட்டு, அது கூரையைத் தொட்டுத் திரும்பும் வரை அவர் காத்திருக்கும் இடங்கள் உண்டு. மோஷன் டிரியோவை நான்கு முறை கேட்ட காதுக்கு, அந்த மௌனங்களில் செல்லோ எங்கே வந்திருக்கும், சிம்பல் எங்கே விழுந்திருக்கும் என்பது தானாகவே கேட்கத் தொடங்கும். ஒரே அமர்வில் முழுவதையும் கேட்க முயலவேண்டாம். முதல் பகுதி முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, மற்றதை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.